ஆங்கிலச் சொல்வளம்: அரசியல் நேர்காணலா, தலையங்கமா, சொற்பட்டியலா, வகுப்பா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து இளைஞர்கள் பலர் ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறார்கள். பள்ளியில் படித்த ஆங்கிலம் இருக்கிறது, இலக்கணம் ஓரளவு தெரியும், ஆனால் வாயைத் திறந்தால் சொல் வருவதில்லை. “ஆங்கிலச் சானலில் தலைவர்களின் பேட்டியைப் பார், சொல் தானாகப் பிடிபடும்” என்கிறார் ஒருவர். தலையங்கம் படிக்கச் சொல்கிறார் இன்னொருவர். கைப்பேசியில் சொற்பட்டியலை ஏற்றிக்கொள்ளச் சொல்பவர்களும், வகுப்பில் சேரச் சொல்பவர்களும் உண்டு. நான்கையும் ஒரு வாரம் ஒரு வாரம் தொட்டுவிட்டு எதிலும் நிலைக்காமல் போகிறவர்களே அதிகம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிப்படைச் சொற்கள் கைவசம் உள்ளவருக்கு அரசியல் நேர்காணலைப் போல் பயன் தருவது வேறில்லை. அந்த அடிப்படை இல்லாதவருக்கு அதைப் போல் நேரத்தை விழுங்குவதும் வேறில்லை. இந்த இரண்டில் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளாமல் தேர்ந்தெடுக்கக் கூடாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, கற்கும் சொல் உங்கள் வேலையில் மறுபடி வருமா என்பது. கானாடுகாத்தானில் பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்கும் வங்கித் தேர்வு எழுதுகிறவருக்கும் ஒரே சொற்கள் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, சொல்லின் ஒலியும் எழுத்தும் சேர்ந்து கிடைக்கிறதா என்பது. நம் ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பத்திரிகையில் மட்டும் பார்த்தவர் ‘டெப்ட்’ என்றே சொல்வார். நிதியமைச்சர் பேசக் கேட்டவருக்குத்தான் அது ‘டெட்’ என்று தெரியும். ‘ரெசீட்’ என்ற சொல்லிலும் எழுத்தில் இருக்கும் ஒன்று வாயில் வராது. வட்டியும் வரவு செலவுமாகவே பிழைத்த மண்ணில் இந்த இரண்டு சொற்களும் சரியாக வாயில் வர வேண்டாமா?

மூன்றாவது, ஒரே சொல் எத்தனை முறை திரும்பக் கிடைக்கிறது. ஒருமுறை பார்த்த சொல் தங்காது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து, மறதி முதல் ஓரிரு நாளில்தான் வேகமாக நடக்கிறது என்று 1885இலேயே காட்டினார்.

நான்காவது செலவு. பணச்செலவு கண்ணுக்குத் தெரியும். நேரமும் மன அமைதியும் செலவாவது தெரியாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சொற்பொழிவாளர் அல்லாத ஒருவர் ஆங்கிலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் பேசுவார். எழுத்து வடிவம் கிடைக்கும் ஏதாவது ஒரு நேர்காணலில் ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டு, பொருள் தெரியாத சொற்களை எண்ணுங்கள். மூன்று நான்கு என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 98 சொற்கள் உங்களுக்குத் தெரியும் என்று பொருள். துணையில்லாமல் புரிந்துகொள்ள அது போதும். ஏழெட்டு என்றால் முயன்றால் முடியும். பதினைந்தைத் தாண்டினால் இப்போதைக்கு நேர்காணல் வேண்டாம். மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டபடி, பேச்சு ஆங்கிலத்தில் இந்த 98 விழுக்காட்டை எட்ட 6,000 முதல் 7,000 வரை சொற்குடும்பங்கள் (ஒரு மூலச் சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும். எழுத்து ஆங்கிலத்துக்கு 8,000 முதல் 9,000 வரை வேண்டும். நேர்காணலைவிடத் தலையங்கம் கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

## நேர்காணல்

நேர்காணலின் பலம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. கேட்பவர் ஒரு சொல்லால் கேட்பார். தலைவர் அந்தச் சொல்லைத் தொடாமல் வேறு சொல்லால் பதில் சொல்வார். கேட்பவர் விடாமல், “அப்படியானால் நீங்கள் சொல்வது இதுதானே” என்று மூன்றாவது ஒரு சொல்லில் போட்டு மடக்குவார். ஒரே கருத்துக்கு மூன்று சொற்கள், அதுவும் அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தோடு கிடைத்துவிடும். எந்த அகராதியும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

இதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு, பிபிசியின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சியில் 1997 மே 13 அன்று ஜெரமி பாக்ஸ்மன் எடுத்த பேட்டி. எதிரில் இருந்தவர், அந்த மாதத் தொடக்கம் வரை பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்த மைக்கேல் ஹோவர்ட். 1995 ஜனவரியில் பார்க்ஹர்ஸ்ட் சிறையிலிருந்து மூன்று கைதிகள் தப்பினார்கள். அந்தச் சிறையின் அதிகாரியை இடைநீக்கம் செய்யும் விவகாரத்தில் அமைச்சர் சிறைத்துறைத் தலைவரை மிரட்டினாரா என்பதுதான் கேள்வி. ‘டிட் யூ த்ரெட்டன் டு ஓவர்ரூல் ஹிம்?’ என்று ஏறத்தாழ ஒரே சொற்களில் பன்னிரண்டு முறை போலக் கேட்டார் பாக்ஸ்மன். ஹோவர்டோ, சிறைத்துறைத் தலைவருக்கு உத்தரவிட எனக்கு உரிமை இல்லை, நான் உத்தரவிடவும் இல்லை என்ற பதிலையே சுற்றிச் சுற்றி வந்தார்.

கற்கிறவர் கண்ணோடு இதைப் பாருங்கள். கேள்வியில் இருப்பது ‘ஓவர்ரூல்’, அதாவது மேலதிகாரத்தால் ஒருவரின் முடிவைத் தள்ளுபடி செய்வது. பதிலில் வருவது ‘இன்ஸ்ட்ரக்ட்’, இப்படிச் செய் என்று உத்தரவிடுவது. நடுவில் ‘என்டைட்டில்ட்’, உரிமை உடையவர் என்ற பொருளில் வருகிறது. பின்னணியில் ‘சஸ்பெண்ட்’ நிற்கிறது. உத்தரவிடுவதும் முடிவைத் தள்ளுபடி செய்வதாக மிரட்டுவதும் வேறு வேறு என்பதால்தான் அந்தப் பேட்டியே நடந்தது. இந்த நான்கு சொற்களும் அலுவலகக் கடிதம் எழுதும் எவருக்கும் வாழ்நாள் முழுக்கப் பயன்படும். சில நிமிடத்தில் ஒரே சொல்லைப் பன்னிரண்டு முறை, அதுவும் ஆவலோடு கேட்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கிறது?

பதவி விலகிய அமெரிக்க அதிபர் நிக்சனை டேவிட் ஃப்ராஸ்ட் பேட்டி கண்டு 1977 மே மாதம் ஒளிபரப்பானதும் இதே வகைதான். நண்பர்களைக் கைவிட்டேன், நாட்டைக் கைவிட்டேன் என்று நிக்சன் அடுக்கும்போது ‘லெட் டவுன்’ என்ற சிறு சொற்கூட்டு திரும்பத் திரும்ப விழுகிறது. இப்படி இரண்டு எளிய சொற்கள் சேர்ந்து புதுப்பொருள் தருவதுதான் நம்மவர்களுக்கு ஆங்கிலத்தில் பெரிய தடை. பேச்சில்தான் அவை கொட்டிக் கிடக்கின்றன.

அயல்நாட்டு உச்சரிப்பு பிடிபடவில்லை என்றால் பட்ஜெட் வாரத்துக்குக் காத்திருங்கள். 2017 முதல் மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1 அன்று தாக்கலாகிறது. அடுத்த சில நாட்கள் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் ஒரே பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் பேட்டி கொடுத்தபடி இருப்பார்கள். ப. சிதம்பரம் கானாடுகாத்தானில் பிறந்தவர், நிர்மலா சீதாராமன் மதுரையில் பிறந்தவர். தமிழ்ச் செவிக்கு இருவர் பேச்சும் எளிதில் பிடிபடும். அரசியலில் எதிரெதிர் பக்கம் இருந்தாலும் இருவரும் தொட்டாக வேண்டிய சொற்கள் அவையேதான்: நிதிப் பற்றாக்குறை, ஒதுக்கீடு, மானியம், வருவாய், கடன். ஒருவர் பேட்டியில் கற்ற சொல்லை மற்றவர் பேட்டியில் சோதித்துப் பார்க்கலாம். யாருக்கு வாக்களிப்பவராக இருந்தாலும் இரண்டையும் கேளுங்கள். ஒரு தரப்பை மட்டும் கேட்டால் சொல்வளமும் பாதிதான் வரும்.

ஆறேழு பேர் ஒரே நேரத்தில் கத்தும் இரவு விவாதத்தை நேர்காணலோடு சேர்க்காதீர்கள். அதில் ஒரு வாக்கியமும் முற்றுப் பெறுவதில்லை. முற்றுப் பெறாத வாக்கியத்திலிருந்து சொல்லைப் பொறுக்க முடியாது. ஒருவர் கேட்க ஒருவர் சொல்லும் பேட்டி மட்டுமே இங்கே கணக்கு. மக்களவையின் கேள்வி நேரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். காலை 11 மணிக்குத் தொடங்கும் அந்த ஒரு மணி நேரத்தை சன்சத் டிவியில் இலவசமாகப் பார்க்கலாம். அவை நடவடிக்கைகள் எழுத்து வடிவிலும் வெளியாகின்றன. ஒலியும் எழுத்தும் சேர்ந்து கிடைக்கும் இந்த வசதியை நம் பிள்ளைகள் கண்டுகொள்ளாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். முதல் செலவு, கற்கும் சொற்கள் சண்டைச் சொற்களாக இருந்துவிடுவது. பிரிட்டிஷ் அரசியல்வாதி ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினால் அடுத்து மறுப்பு வரப்போகிறது என்று பொருள். இது மரியாதைச் சொல் என்று எண்ணி மேலாளரிடம் பேசத் தொடங்கினால் உறவு கசக்கும். மறுப்பது, மழுப்புவது, குற்றம் சாட்டுவது ஆகியவற்றுக்கான சொற்கள் நேர்காணலில் நிறைய. நன்றி சொல்ல, உதவி கேட்க, சமாதானம் பேச உதவும் சொற்கள் அதில் குறைவு.

இரண்டாவது நேரம். பள்ளத்தூரிலிருந்து ஒரு தங்கை கேட்டாள்: “அக்கா, தினமும் ஒரு மணி நேரம் பேட்டி பார்க்கிறேன். எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்கூட என் வாயில் வரவில்லையே, ஏன்?” ஒரு மணி நேரம் பார்ப்பதுதான் காரணம். ஐந்து நிமிடத் துண்டு போதும். முதல் முறை எழுத்தில்லாமல் கேட்க வேண்டும். இரண்டாம் முறை எழுத்தோடு கேட்டு, ஐந்து சொற்களுக்கு மேல் போகாமல் முழு வாக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறை, கேள்வி முடிந்ததும் நிறுத்திவிட்டு, அந்தத் தலைவரின் இடத்தில் நீங்கள் இருந்து உரக்கப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்து அதே துண்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே துண்டு. அந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன், அதாவது கடைநிலையில் வேலை பழகும் பையன், இப்படித்தான் தொழில் கற்றான். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பான். கேட்டதைத் தானே செய்து காட்டிய பிறகுதான் அடுத்தாள் ஆவான், மேலாள் ஆவதெல்லாம் அதற்கும் பின்னால். கேட்பதோடு நின்றுவிட்டால் பெட்டியடியிலேயே இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது மனம். பிடிக்காத தலைவர் பேசினால் கோபம் வரும். கோபம் வந்தால் சொல்லைக் கவனிக்க மாட்டீர்கள். ஒரு பேட்டி முடிந்ததும் திரை அடுத்த சண்டைக் காட்சியை நீட்டும். அதனால்தான் ஓய்வுபெற்ற, பழைய, அயல்நாட்டுத் தலைவர்களின் பேட்டிகளைத் தொடக்கத்தில் பரிந்துரைக்கிறேன். தானாக உருவாகும் எழுத்து வரிகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நம் ஊர்ப் பெயர்களையும் திட்டப் பெயர்களையும் அவை சிதைத்துவிடும்.

## தலையங்கம்

‘தி இந்து’ 1878இல் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்பதற்குச் சொல்லப்படும் மூத்த வழி இது. செம்மையான வாக்கியம், திருத்தப்பட்ட நடை, நிதானமாகப் படிக்கும் வசதி ஆகியவை இதன் பலம். நூலகத்தில் செலவில்லாமல் படிக்கலாம்.

எழுத்துத் தேர்வுக்கு இதுவே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. வங்கி அதிகாரிப் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 20 நிமிடம். பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதும் விடுபட்ட சொல்லை நிரப்புவதும்தான் அங்கே வேலை. காதுக்கு அங்கே வேலை இல்லை. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, ரங்கூன் கிளைகளோடு ஒரே நாளில் காரைக்குடிக் கிளையையும் திறந்தது. அப்படிப்பட்ட ஊரில் இன்றும் வீட்டுக்கு ஒருவராவது வங்கித் தேர்வுக்குப் படிப்பதில் வியப்பில்லை. அவர்கள் காலை நேரத்தைத் தலையங்கத்துக்கே கொடுக்கட்டும்.

முதல் குறை, ஒலி இல்லாதது. முன்பே சொன்ன ‘டெப்ட்’ கோளாறு இங்கிருந்துதான் வருகிறது. அடுத்த குறை, அரிய சொற்களின் மேல் வரும் ஆசை. வருடத்துக்கு ஒருமுறை கண்ணில் படும் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமை பேச்சுக்கு உதவாது.

## சொற்பட்டியல்

மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப் பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் உள்ளன. ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள். ஒரு நிமிடச் சோதனையில் பதினைந்தைத் தாண்டியவர்கள் வெஸ்ட் பட்டியலில் தொடங்குவதுதான் சிக்கனம். எந்தச் சொல் அடிக்கடி வரும் என்று யாரோ உழைத்து எண்ணி வைத்திருக்கும்போது நாம் ஏன் இருட்டில் தடவ வேண்டும்? மறக்கும் சொல்லை அடிக்கடியும் மறக்காத சொல்லை எப்போதாவதும் காட்டும் செயலிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பட்டியலில் சொல் தனியாக நிற்பதுதான் சிக்கல். ‘கமிட்’ என்றால் செய்தல் என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் நல்ல காரியத்தையும் ‘கமிட்’ செய்துவிடுவார். அது குற்றத்தோடும் பிழையோடும் சேரும், வாக்குறுதியோடும் சேரும். எந்தச் சொல் எதோடு சேரும் என்பதைப் பட்டியல் சொல்லாது. “இதை நிறைவேற்றுவதாக உறுதி தருவீர்களா” என்று பேட்டியாளர் தலைவரை நெருக்கும்போது அதே ‘கமிட்’ வரும், அப்போது பளிச்சென்று விளங்கும்.

## வகுப்பு

நீங்கள் சொன்னது தவறு என்று சொல்ல எதிரில் ஓர் ஆள் இருப்பதுதான் வகுப்பின் ஒரே பலம், ஆனால் பெரிய பலம். மற்ற மூன்றிலும் அது கிடையாது. கூச்சத்தால் வாய் திறக்காதவருக்கு இதுவே மருந்து.

கட்டணத்தோடு பஸ் செலவு, மாலை நேரம், கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் பதற்றம் எல்லாம் சேரும். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு மணி நேரத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் பேசக் கிடைக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் எவ்வளவு பேசுகிறார், மாணவர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். சொல்வளம் மட்டுமே உங்கள் குறை என்றால் வகுப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

| | நேர்காணல் | தலையங்கம் | சொற்பட்டியல் | வகுப்பு |
|---|---|---|---|---|
| ஒலி | முழுமையாக | இல்லை | செயலியில் ஓரளவு | உண்டு, ஆசிரியரைப் பொறுத்து |
| சொல் திரும்ப வருதல் | ஒரே பொருளில் கேட்டால் அதிகம் | குறைவு | நாமே திட்டமிடலாம் | குறைவு |
| சொற்சேர்க்கை | நன்று | மிக நன்று | இல்லை | ஓரளவு |
| திருத்துபவர் | இல்லை | இல்லை | இல்லை | உண்டு |
| பணம் | இணையச் செலவு | நூலகத்தில் இலவசம் | இலவசம் | கட்டணமும் பயணமும் |
| மறைமுகச் செலவு | கோபம், நேரம், சண்டைச் சொற்கள் | தவறான உச்சரிப்பு | இடம் தெரியாமல் பயன்படுத்துதல் | பேச வாய்ப்புக் குறைவு |

## யாருக்கு எது

ஆத்தங்குடி ஓடு, தேக்குத் தூண், முற்றம் என்று பயணிகளுக்கு விளக்கிப் பிழைக்கிறவர் அரசியல் பேட்டியைத் தொட வேண்டாம். அவருக்கு வேண்டியது வரவேற்பும் விவரிப்பும். வகுப்பும் பட்டியலும் போதும்.

வெளிநாட்டுப் பணிக்காக ஐஇஎல்டிஎஸ் எழுதும் செவிலியரின் நிலை வேறு. அந்தத் தேர்வின் கேட்டல் பகுதியில் 40 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். பழகாத உச்சரிப்புக்குக் காதைப் பழக்க நேர்காணல் உதவும். ஆனால் பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ போல எழுத்து வடிவத்தோடு வரும் எளிய உரையாடலில் தொடங்கி, பிறகு பேட்டிக்கு வருவது நல்லது.

கல்லூரி மாணவர்கள், குழு விவாதத்துக்கும் வேலைக்கான நேர்முகத்துக்கும் தயாராகிறவர்கள், ஒரு நிமிடச் சோதனையில் தேறிவிட்டால் தயங்காமல் நேர்காணலையே முதன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் கேள்வியால் நெருக்கும்போது சொல் தடுமாறாமல் வர வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை. குடிமைப்பணித் தேர்வின் ஆளுமைத் தேர்வுக்கு 275 மதிப்பெண். அதைத் தமிழிலேயே சந்திக்கும் உரிமை உண்டு. ஆங்கிலத்தில் சந்திப்பதென்று முடிவெடுத்தவர்கள் காலையில் தலையங்கம், மாலையில் ஐந்து நிமிடப் பேட்டி என்று இரண்டையும் ஒரே பொருளில் இணைத்துக்கொள்ளலாம். காலையில் நிதிப் பற்றாக்குறை பற்றிப் படித்தால் மாலையில் அதைப் பற்றிய பேட்டியைத் தேடுங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் தேடவும் வேண்டியதில்லை, எந்தச் சானலைத் திருப்பினாலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.